தண்ணீர் போன வழியில் துரு

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, உப்பு ஜாடியில் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பீரோவில் வைத்த செருப்பில் பூசணம் பூக்கும். இந்த ஊரில் இருந்துகொண்டுதான் ஆறு வருடமாகச் சின்ன ரயில் இன்ஜின், சரக்குப் பெட்டி, தகரக் கொட்டகை என்று மாடல் செய்கிறேன். செய்து முடித்ததும் அவற்றுக்குத் துருவும் புகையும் வயதும் ஏற்றுகிறேன். பகலில் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. இது இரவு வேலை.

அப்பா குன்னூர் ரயில் இன்ஜின் ஷெட்டில் கலாசியாக, அதாவது உதவித் தொழிலாளியாக, இருந்தவர். எண்ணெயும் கரியும் கலந்த ஒரு வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். அவர் போன பிறகு அந்த வாசனைக்கு ஏங்கித்தான் இன்ஜின் செய்ய ஆரம்பித்தேன். எடுத்துக்கொண்டது எக்ஸ் கிளாஸ், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி இன்ஜின். சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் ஊரில் 1914-இல் தொடங்கிச் செய்யப்பட்டவை அவை. கடைசி ஐந்து 1952-இல் வந்தன. பிறகு நம்ம திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலேயே புதிதாகச் சில செய்தார்கள். என் மாடல் 1:87 அளவு, அதாவது நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. மலை ரயிலின் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் (மீட்டர் கேஜ்) அந்த அளவில் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி, குண்டூசித் தலைகளை ரிவெட்டாக வைத்து, பத்து மாதத்தில் உருவம் வந்தது.

பெயின்ட் அடித்தேன். அழகாக நீல நிறம். பழையதாகத் தெரிய வேண்டுமே என்று ஆரஞ்சும் பிரவுனும் கலந்து பாய்லர் முழுக்க, கேபின் ஓரம் முழுக்கத் தொட்டுத் தொட்டு வைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஃபிட்டர் பெரியப்பா அடுத்த தெருவில் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணு, இது ஓடற இன்ஜினா, நிறுத்திப் போட்ட இன்ஜினா?"

"ஓடறதுதான் பெரியப்பா."

"ஓடற இன்ஜினுக்குப் பாய்லர்ல ஏது கண்ணு இத்தனை துரு? தினமும் எண்ணெய்த் துணி போட்டுத் துடைச்சமில்ல. உங்கப்பன் கையே அதுலதான் தேஞ்சுது."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் குறை சொல்லும் தொனியே இல்லை. ஆனால் அப்பா துடைத்த இன்ஜின்மேல் நான் துருவை அப்பிவிட்டேன் என்பதுதான் மனதில் நின்றது. மறுநாளே பெயின்ட்டைக் கரைத்து எடுத்துவிட்டு, மூன்று மாதம் பிரஷ்ஷையே தொடாமல் பார்க்க மட்டும் செய்தேன்.

பார்ப்பதற்கு எங்கேயும் போக வேண்டாம். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை. அதுதான் என் முதல் பாடப் புத்தகம். அந்தக் கூரையில் பத்துத் தகடு இருக்கிறது, பத்தும் பத்து நிறம். மேல் வரிசையில் இரண்டு தகடு போன வருடம் மாற்றியது, இன்னும் பளபளப்பு. மற்றவை மங்கிய சாம்பல். துரு எங்கே இருக்கிறது என்று எண்ணினேன். ஆணி அடித்த இடம், ஒரு தகடு இன்னொன்றின்மேல் ஏறி உட்காரும் விளிம்பு, புகைக்குழாய்க்குக் கீழே, தண்ணீர் சொட்டும் கடைசி ஓரம். நடுப்பகுதியில் துருவே கிடையாது. மழை பெய்யும்போது பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் எங்கே தங்குகிறதோ, எந்த வழியாக வடிகிறதோ, அங்கே மட்டும்தான் துரு. அதுவரை நான் துருவை ஒரு நிறமாக நினைத்திருந்தேன். அது ஒரு வழித்தடம். மாடலில் துரு வைக்கும் முன் "இங்கே தண்ணீர் எப்படி வந்தது?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் இல்லை என்றால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும்.

இதில் கொஞ்சம் வேதியியலும் உண்டு. தகரக் கூரைத் தகடு உண்மையில் இரும்பு, மேலே துத்தநாகப் பூச்சு. இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னைக் கொடுத்துவிடும். அதனால் முதலில் வருவது சிவப்புத் துரு இல்லை, சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைப் பூப்பு. அந்தப் பூச்சு தீர்ந்த இடத்தில்தான் இரும்பு வெளியே தெரிந்து சிவக்கும். ஆகவே தகரக் கூரை மாடலுக்குச் சாம்பல், வெள்ளைப் பூப்பு, பிறகு துரு என்ற வரிசைதான் சரி. நேரே பிரவுன் அடித்தால் பழைய இரும்புப் பலகை போல இருக்குமே தவிரக் கூரையாக இருக்காது. அலுமினியத் தகடுக்குச் சிவப்புத் துருவே வராது. செம்புக் குழாயில் வருவது பச்சைக் களிம்பு. எந்த உலோகம் என்று முடிவு செய்யாமல் நிறம் கலக்கக் கூடாது.

நீலகிரிக்கே உரிய ஒரு மயக்கமும் உண்டு. இங்கே பழைய கூரைகளிலும் பாறைகளிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒருவகைப் பாசி படர்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் துரு போலவே தெரியும். நானும் ஒரு கூரையைத் துரு என்றே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் வட்ட வட்டமாக, விளிம்பு சுருண்டு இருக்கிறது. துருவுக்கு வட்டம் இருக்காது, கீழ்நோக்கி இழுத்த கோடு இருக்கும். இப்போது கூரை மாடலில் இரண்டையும் வைக்கிறேன். பாசியை ஓக்கர் மஞ்சளில் சின்னப் புள்ளியாகக் குத்தி வைத்தால் மலையூர்க் கூரை என்று சொல்லாமலே தெரியும்.

அடுத்த பாடம் அளவு. 1:87 மாடலை ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்றால் நிஜத்தில் அது இருபத்தாறு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். குன்னூர் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு அவ்வளவு தூரத்தில் இருக்கும் பெட்டியைப் பார்த்தேன். கீறல் எதுவுமே தெரியவில்லை. கீழ்ப்பகுதி முழுக்க ஒரு மண் நிறம், கூரையில் கரி, அவ்வளவுதான். என் மாடலிலோ ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்ததாக வரைந்திருந்தேன். நிஜத்தில் அது ஒன்பது சென்டிமீட்டர், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை! சின்ன அளவு மாடலுக்குக் கீறல் வரைவதை முக்கால்வாசி விட்டுவிடலாம். நிறத்தையும் ஒரு படி மங்கலாக்க வேண்டும். சுத்தமான கருப்பும் சுத்தமான வெள்ளையும் என் மேஜையில் இப்போது கிடையாது. கருப்பு என்று நான் அடிப்பது கரும் சாம்பல்தான்.

இன்ஜினுக்கு இரண்டாவது முறை பெயின்ட் அடித்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் சாம்பல் நிறப் பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு நீலம். நீலத்தில் துளி வெள்ளை கலந்து, பாய்லர் மேல் பக்கத்துக்கு அடித்தேன், வெயில் படும் இடம் வெளிறியிருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு பளபளப்பு வார்னிஷ். இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், தாண்டக் கூடாது. அடுத்து வருகிற நீர்த்த எண்ணெய்ப் பெயின்ட் சொரசொரப்பான பரப்பில் பட்டால் மை ஒற்றும் தாளில் பட்டது போல எல்லாப் பக்கமும் ஊறிக் கறையாகிவிடும். வழவழப்பான பரப்பில் அது ரிவெட்டைச் சுற்றியும் இடுக்கிலும் போய்த் தங்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

எண்ணெய்ப் பெயின்ட்டுக்குக் கேம்லின் டியூப் போதும். பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், கருப்பு, வெள்ளை என்று ஐந்து டியூப் ஆறு வருடமாக எனக்குத் தீரவில்லை. டியூபிலிருந்து நேரே எடுக்காமல், அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி விட்டால் எண்ணெயை அட்டை குடித்துவிடும், சீக்கிரம் காயும், மினுமினுப்பும் வராது. அம்பரில் கொஞ்சம் கருப்பு கலந்து, டர்பன்டைன் விட்டு டீ டிகாஷன் பதத்துக்கு நீர்த்து, இடுக்குகளில் மட்டும் பிரஷ் நுனியால் தொட்டேன். முழுக்கக் குளிப்பாட்டினால் பிளாஸ்டிக் ஒட்டிய இணைப்பில் டர்பன்டைன் இறங்கி விரிசல் விடும். ஒரு சரக்குப் பெட்டியின் மூலை அப்படித்தான் என் கையோடு வந்தது.

ஓடும் இன்ஜினில் துரு குறைவு என்றால் வேறு என்ன இருக்கும்? பெரியப்பாவிடம் நான்கு மாலை உட்கார்ந்து கேட்டேன். வால்வும் இணைப்பும் கசியும் இடத்தில் பாய்லர் தண்ணீர் ஆவியாகி வெள்ளை உப்புக் கோடு விடும். சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெயில் தூசி படிந்த கருப்பு மெழுகுப் பூச்சு. பாய்லரின் முன்னால் புகை சேரும் ஸ்மோக்பாக்ஸ் சூட்டில் வெந்து பளபளப்பு செத்த சாம்பல் கருப்பு. கரி எரித்த இன்ஜினுக்குச் சாம்பலும் பொடிக் கரியும். எண்ணெய் எரிக்கும் பொன்மலை இன்ஜின் என்றால் புகையே வேறு, பிசுபிசுத்த கருப்பு. "எந்த இன்ஜின், எந்த வருசம்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் கலர் எடு" என்றார்.

வெள்ளைக் கோட்டைப் பற்றி ஒரு முழு நாள் குழம்பினேன். மலை ஏற்றம் தொடங்கும் கல்லாறு ஸ்டேஷனுக்கு மேலே பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றம். இன்ஜின் ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்துதான் ஏறுகிறது. அப்படியானால் கசிவுக் கோடும் சாய்ந்து வடிய வேண்டாமா? அவர் சிரித்துவிட்டு, "ஏறும்போது காத்தும் ஆட்டமும் அதை நிக்க விடுமா? ராத்திரி ஷெட்ல சமமா நிக்கிறப்ப வடியறதுதான் காய்ஞ்சு நிக்கும்" என்றார். கோட்டை நேராகவே இழுத்தேன். வெள்ளையில் துளி ஓக்கர், கசியும் இடத்தில் ஒரு புள்ளி, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கோடு மேலே கனமாக, கீழே போகப் போக மெலிந்து காணாமல் போக வேண்டும். துருக் கோட்டுக்கும் இதே கைதான்.

ஓடும் வண்டியில் துரு நிறம் உண்மையாகவே வேண்டிய இடம் பெட்டிகளின் அடிப்பகுதி. இறக்கத்தில் பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நின்று பிரேக் பிடிக்கிறார். பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் சக்கரத்திலும் சட்டத்திலும் படிந்து சிவக்கிறது. அது சொட்டுச் சொட்டாக இருக்காது, மாவு தூவியது போல மெல்லிசாக இருக்கும். அதைப் பொடியால்தான் செய்ய வேண்டும், பெயின்ட்டால் வராது. சாக் பேஸ்டலைச் சொரசொரத் தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மெத்தென்ற பிரஷ்ஷால் கீழிருந்து மேலே ஒற்றினேன். கருப்புக்கு அடுப்புக் கரியைச் சல்லடைத் துணியில் சலித்துக்கொண்டேன். பழைய தகரத்திலிருந்து நிஜத் துருவைச் சுரண்டி அரைத்தும் பார்த்திருக்கிறேன், அருமையாக வரும். ஆனால் பெயின்ட் அடித்த பழைய இரும்பைச் சுரண்டாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். எந்தப் பொடியானாலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்சக்கரப் பாதைக்கு வந்தால் வேலை நேர்மாறு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரட்டைப் பல்பட்டை இருக்கிறது. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். தினமும் இன்ஜினின் பல்சக்கரம் கடித்து ஏறுவதால் பல்லின் முகம் மின்னும், பக்கவாட்டில் கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடக்கும். சில்வர் பெயின்ட் அடித்தால் பொம்மை போல இருக்கும். கரும் பிரவுன் அடித்துக் காயவைத்து, 6பி பென்சிலின் முனையைப் பற்களின்மேல் படுக்க வைத்து லேசாகத் தேய்த்தேன். பென்சில் கரியின் பளபளப்பு அப்படியே தேய்ந்த எஃகு. கைப்பிடிக் கம்பிக்கும் படிக்கட்டின் விளிம்புக்கும் இதே வழிதான், கை படும் இடமும் கால் படும் இடமும் துருப்பிடிக்காது.

நிறுத்திப் போட்ட சரக்குப் பெட்டி ஒன்றைத் தனியாகச் செய்தேன், துரு வைக்கும் ஆசை தீரட்டும் என்று. அதற்கு ஹேர் ஸ்ப்ரே முறை. அடியில் கரும் துரு நிறம் அடித்து, ஸ்பாஞ்ச் துண்டால் நடுத்தர பிரவுன் ஒற்றி, வார்னிஷ் போட்டு ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு ஹேர் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய பூச்சு, கால் மணி கழித்து மேல் நிறம், தண்ணீர் கலந்த அக்ரிலிக்கில் மெல்லிசாக. அரை மணி கழித்து மேலே தண்ணீர் தடவிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் கீழே இருக்கும் ஹேர் ஸ்ப்ரே கரைந்து மேல் நிறம் நிஜமாகவே பெயர்ந்து வரும். அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் இறுகிவிடும். கதவின் கீழ் ஓரம், மூலை, தாழ்ப்பாளைச் சுற்றி என்று தண்ணீர் தங்கும் இடங்களை மட்டும் தேய்த்தேன். பெயர்ந்த இடத்தின் நடு கருத்தும் ஓரம் சிவந்தும் இருந்தால் கண் நம்பும். ஆரஞ்சு கடைசியில், புதுத் துரு இருக்கும் இடத்தில் மட்டும், ஊசி முனை அளவுக்கு. பழைய துரு கருத்தது என்பதை என் கை கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆனது.

ஹேர் ஸ்ப்ரேக்குப் பதில் உப்பைத் தூவி அடிக்கும் முறையும் இருக்கிறது. வெயில் ஊர்க்காரர்களுக்கு நன்றாக வரும். இங்கே மூடுபனி நாளில் பெயின்ட் காய்வதற்குள் உப்பு கசிந்து, கூர்மையாக வர வேண்டிய விளிம்பு மொழுக்கென்று போய்விடுகிறது. தை, மாசியில் மட்டும் செய்கிறேன்.

வானிலையைச் சொல்லாமல் இந்த ஊரில் பெயின்ட் பற்றிப் பேச முடியாது. எட்டு மாதம் உழைத்த தேயிலைக் கொட்டகை மாடல் ஒன்றுக்குக் கடைசியாகப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஒரு கார்த்திகை சாயங்காலம் அடித்தேன். கண் முன்னாலேயே பாலாடை போல வெளுத்துவிட்டது. ஸ்ப்ரே ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. அழுதேன். ஐந்து வாரம் கழித்து வறண்ட நாள் ஒன்றில் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாகப் போட்டபோது முக்கால்வாசி தெளிந்தது. மீதி வெளுப்பைத் துத்தநாகப் பூப்பாக விட்டுவிட்டேன். இப்போது ஓர் ஈரப்பத மீட்டர் வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். அறுபதுக்கு மேல் காட்டினால் ஸ்ப்ரே கேனைத் தொடுவதில்லை. டப்பாவைக் கைச்சூடு தாங்கும் வெந்நீரில் சற்று வைத்துவிட்டு அடிப்பேன், தீயின் பக்கம் கொண்டுபோகவே மாட்டேன். அடிப்பது திறந்த திண்ணையில். மழை நாளில் பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ்தான்.

கூரைத் தகடு செய்ய சமையல் அலுமினியத் தாளே போதும். நிஜத் தகட்டில் ஒரு மடிப்புக்கும் அடுத்ததற்கும் சுமார் எழுபத்தாறு மில்லிமீட்டர், நம் அளவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெல்லிய கம்பிகளை நெருக்கி ஒட்டிய அட்டையின்மேல் தாளை வைத்து, தீக்குச்சி முனையால் தேய்த்தால் மடிப்பு விழும். எட்டடித் தகடு அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். ஒரே நீளத் தாளாக ஒட்டினால் தண்ணீர் தங்க விளிம்பே இருக்காது, துருவுக்கு இடமும் இருக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் வேறு சாம்பல் அடித்துவிட்டு ஒட்டினால் பக்கத்து வீட்டுக் கூரை அப்படியே வந்துவிடுகிறது.

போன மாதம் இன்ஜினைத் திரும்பவும் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். இந்த முறை கண்ணாடி தேடக்கூட இல்லை, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கேபின் கைப்பிடிக் கம்பியில் பென்சில் மினுக்கு வைத்திருந்த இடத்தைச் சுண்டுவிரலால் காட்டி, "இங்கதான் உங்கப்பன் புடிச்சு ஏறுவான்" என்றார். பிறகு திருப்பி அடிப்பக்கம் பார்த்து, சாம்பல் கொட்டும் இடத்தில் கருப்பு போதவில்லை என்றார். அதைச் சரிசெய்துவிட்டேன்.

இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இங்கே மூடிய பெட்டிக்குள்ளும் பூசணம் ஏறும், பொடி போட்ட இடத்தில் முதலில் ஏறும். மூலையில் சிலிக்கா ஜெல் மணி ஒரு துணிப்பையில் வைத்திருக்கிறேன். நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது. அதற்கென்றே ஒதுக்கிய பழைய தோசைக்கல்லில் மெல்லிய சூட்டில் வைத்து நீலமாக்கித் திரும்ப வைக்க வேண்டும், சமைக்கிற பாத்திரத்தில் வேண்டாம். மழை மாதங்களில் வாரம் ஒரு முறை, மற்ற நாளில் மாதம் ஒரு முறை. இன்று காலை ரோஸ் நிறம்தான் காட்டியது.